அடிக்குரலுக்கு ஆள் தேவை

திராட்சைப் பந்தலின் கீழே நீளமான மேசை. இடமே தெரியாதபடி சாப்பாடு. ஒரு தட்டின் விளிம்பில் இன்னொரு தட்டு ஏறி நிற்கிறது. சுற்றிவர அந்த ஊர்ச்சனம். மதியம் திரும்பிய வெயில் இலைகளுக்குள்ளால் விழுந்து எல்லோர் முகத்திலும் புள்ளி வைத்திருக்கிறது. ஒக்லாந்தில் இருந்து போன நாங்கள் ஒரு டசின் பேர் எழுந்து நின்று பாடிக்கொண்டிருக்கிறோம்.

என்னுடைய வேலை சுலபமானது. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு “ஓ” என்று நிற்க வேண்டும். அதற்கு மேலே என் மகள் அபி ஒரு குரலிலும், டொம் என்ற தாடிக்காரன் இன்னொரு குரலிலும் ஏறி இறங்கிப் பாடுவார்கள். இரண்டு அடிகளுக்கு நடுவில் அவர்கள் இருவரும் நிறுத்த, எங்கள் அடிக்குரல் மட்டும் ஓடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் டொம் குனிந்து அபியின் காதில் என்னவோ சொன்னான்.

அபி சிரித்தாள்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்த கணத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

என்னோடு அடிக்குரலில் நின்ற மற்ற இருவரும் என்னைக் கேட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களும் தடுமாறினார்கள். அபி அடுத்த அடியை எடுத்தாள், கீழே பிடிக்க ஒன்றுமில்லை. பாட்டு அப்படியே சரிந்து விழுந்தது. எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு மேசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஏன் அப்படி ஆனது என்று சொல்ல, ஒக்லாந்தில் லின்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினிக்குப் போக வேண்டும்.

எந்த ஜோர்ஜியா?

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியது, மங்கரே விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாமான் ஏற்றிய கதைகள்தான். இது நானே ஏறிப் போன கதை.

அபி பிசியோதெரபிஸ்ட். வேலை முடிந்தால் ஓட்டம், நீச்சல் என்று திரிகிறவள், ஒரு நாள் பாட்டுக் குழு ஒன்றில், கொயரில், சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். புதன்கிழமைகளில் புளொக்ஹவுஸ் பே பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. என்ன பாட்டு என்று கேட்டோம். ஜோர்ஜியாப் பாட்டு என்றாள். கொஞ்சக் காலத்தில் குழுவாக ஜோர்ஜியாவுக்கே போய்ப் பழகப் போகிறோம் என்றும் சொன்னாள்.

என் மனைவி கௌரிக்கு அமெரிக்காவில் உள்ள ஜோர்ஜியாதான் தெரியும். அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கு அங்கே தம்பி இருக்கிறான். “அபி போறாவாம் எண்டு கேள்விப்பட்டன். தம்பிக்கு ஒரு கிலோ மிளகாய்த்தூள் குடுத்துவிடலாமோ?” என்று அவர் தொலைபேசியில் கேட்டே விட்டார். அபி போனில் வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகுதான், ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் நடுவே மலைகளுக்குள் ஒரு ஜோர்ஜியா இருப்பது எங்களுக்குத் தெரிய வந்தது. மிளகாய்த்தூள் தப்பியது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அபி சொன்னாள்: “கொயரில நல்ல ஆக்கள் இருக்கினம், அம்மா.”

கௌரி அகப்பையைக் கீழே வைத்தாள்.

எங்கள் மகள் இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதுவும் பாதி நேரம் “ஃபைன்” என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அவள் வாயில் இருந்து ஒரு முழுத் தமிழ் வசனம், கேட்காமலே, கடைசியில் ‘அம்மா’வோடு வருகிறது என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது.

அபி எழுந்து போனதும் கௌரி தொடங்கினாள். “இஞ்சருங்கோ, கேட்டனீங்களோ? நல்ல ஆக்களாம்.”

“நல்ல ஆக்கள் இருக்கிறது நல்லதுதானே.”

“ஆக்கள் எண்டால் ஒராள். எனக்குத் தெரியாதோ? ரெண்டு கிழமை, வேற நாடு, வைன் விளையிற ஊர். நீங்களும் போங்கோ.”

“நானோ? நான் அங்க போய் என்ன செய்யிறது?”

“அவை பாடுவினம். நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ.”

நீயே போகலாமே என்று கேட்டேன். முதியோர் இல்லத்து வேலையில் லீவு கிடைக்காது என்றாள் கௌரி. நான் வேலையை விட்டு ஓய்வெடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. வீட்டில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை அவள் எடுத்துச் சொல்லத் தொடங்கியபோது, போகிறேன் என்று ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

தாளம் மட்டும் போடுங்கோ

ஒரு சிக்கல் இருந்தது. பாடத் தெரிந்தவர்களைத்தான் குழுவில் சேர்ப்பார்கள்.

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்கரேயில் ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கும் விமான எஞ்சின் சத்தத்துக்கும் மேலால் ஆட்களைக் கூப்பிட்டு வளர்ந்த குரல் அது. உயரவும் தெரியாது, வளையவும் தெரியாது. கோயில் பஜனையில் ஒரு முறை உற்சாகமாகச் சேர்ந்து பாடினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். பஜனை நடத்தியவர் மிக நல்ல மனிதர். முடிந்ததும் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: “அண்ணை, நீங்கள் தாளம் மட்டும் போடுங்கோ. உங்கட தாளம் நல்லாயிருக்கு.”

கௌரி சிறுவயதில் முறையாகச் சங்கீதம் படித்தவள். அந்தப் பஜனைக்குப் பிறகு வீட்டில் ரேடியோ பாடும்போது நானும் சேர்ந்தால், ரேடியோவை நிறுத்திவிடுவாள். என்னை நிறுத்துவதை விட அது மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்.

குழுவை நடத்துகிறவர் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. என்னை விட மூத்தவர், சின்ன உருவம், பெரிய கம்பளிச் சட்டை. மண்டபத்தின் நடுவில் என்னை நிறுத்தி, ஒரு சுரத்தைப் பாடிக் காட்டி, இதைப் பிடியுங்கள் என்றார். பிடித்தேன். விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் விடவில்லை. ஹெலன் கதிரையில் இருந்து மெல்ல எழுந்து, என் நெஞ்சுக்கு நேரே காதைக் கொண்டுவந்து கேட்டார்.

“இவ்வளவு காலமும் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?” என்றார்.

நான் ஒளிக்கவில்லை, மற்றவர்கள்தான் மூடி வைத்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்தில் அது சரியாக வரவில்லை.

குழுவில் அடிக்குரல், அதாவது பேஸ், பாடி வந்த ஒருவருக்கு இடுப்புச் சத்திரசிகிச்சையாம். பயணம் போக முடியாது. மிச்சம் இருக்கும் இருவரும் தனியே நின்று பிடிக்க மாட்டார்கள். அடிக்குரல் இல்லாமல் ஜோர்ஜியாப் பாட்டே இல்லை. பயணத்தைக் கைவிடலாமா என்றுகூட யோசித்தார்களாம். நான் வந்து நின்றது பெரிய அதிர்ஷ்டம் என்றார் ஹெலன். மண்டபத்தின் மூலையில் நின்ற அபி “ஓகே அப்பா, கூல்” என்றாள், அவ்வளவுதான். எந்தப் பிள்ளை தகப்பன் கூட வருவதற்குக் கூல் என்று சொல்லும்? அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் சந்தேகமெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் நின்ற தாடியின் மேல் இருந்தது.

ஒரு கிவியிடம் போன கிவிகள்

டொம்முக்கு முப்பது வயது இருக்கலாம். உயரம். விரலில் மோதிரம் இல்லை, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். விமானத்தில் அபிக்குப் பக்கத்து இருக்கை. ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான், தலை மெல்ல மெல்ல அபியின் தோள் பக்கம் சரிந்தது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் இருந்த நான் இருமினேன். தலை நிமிர்ந்தது. மறுபடி சரிந்தது. மறுபடி இருமினேன். துபாய் வரும்வரைக்கும் இதுதான் நடந்தது. விமானப் பணிப்பெண் எனக்குத் தேனும் சுடுதண்ணீரும் கொண்டுவந்து தந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு ஊர். தூரத்தில் வெள்ளை மலைகள் நின்றன. எங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தர இருந்தவரின் பெயர் கிவி. உண்மையாகவே கிவி, நியூசிலாந்துக்காரரை எல்லோரும் கூப்பிடுகிற அதே பெயர். நியூசிலாந்தில் இருந்து இவ்வளவு காசைக் கொட்டி ஒரு கிவியிடம் பாட்டுப் படிக்கப் போன கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கிவி திராட்சை பயிரிடுகிறவர். தகப்பன், பெரியப்பன் எல்லோரும் பாடியவர்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் நீனோ மொழிபெயர்ப்பாள். புத்தகம் இல்லை, கடுதாசி இல்லை. அவர் பாடுவார், நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். அடிக்குரல்காரரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். முதுகு அதிர்ந்தால் தலையாட்டுவார். அதிராவிட்டால் இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்பார்.

சாப்பாட்டில் குறையே இல்லை. அந்த வீட்டுக் குசினியில் மல்லியும் வெந்தயமும் மணத்தது, கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் வீட்டில் நிற்பது போலத்தான் இருந்தது. கொழுக்கட்டை மாதிரி ஒன்று தந்தார்கள். உள்ளே சூப் இருப்பதை ஒருவரும் முதலே சொல்லவில்லை. நான் கொழுக்கட்டையைக் கடிக்கிற மாதிரிக் கடித்தேன், சட்டை நனைந்தது.

பாட்டுத்தான் முதலில் குழப்பியது. மூன்று குரல்களும் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கும் இடங்கள் வரும். யாரோ பிழை விடுகிறார்கள் என்று நினைத்து நான் விலகிப் போவேன். கிவி கையை ஆட்டி மறுப்பார். “விலக வேண்டாமாம். அங்கேயே நிற்கட்டுமாம்,” என்பாள் நீனோ. நின்று பார்த்தேன். விலா எலும்புக்குள் தேனீக்கள் கூடு கட்டியது போல ஒரு ரீங்காரம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, விடவும் மனமில்லை. இன்னும் சத்தமாகப் பாடு என்று என் வாழ்க்கையில் என்னிடம் கேட்ட முதல் ஆள் கிவிதான்.

இருந்தாலும் வந்த வேலையை நான் மறக்கவில்லை.

இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டில் டொம் பாண் தட்டை என் பக்கம் நீட்டினான். “மாமா, பிரெட்?” என்றான்.

என் கை அந்தரத்தில் நின்றது. எங்கள் ஆட்களில் ஒரு பெடியன் யாரை, எப்போது மாமா என்று கூப்பிடுவான் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாணை வாங்கிக்கொண்டு வெளியே போய்க் கௌரியைக் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம், வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா எண்டு கூப்பிடுறான்,” என்றேன்.

“என்னத்துக்குக் கூப்பிட்டவன்?”

“பாண் தரத்தான்.”

“வாங்கினனீங்களோ?”

“ஓம்.”

“ஏன் வாங்கினனீங்கள்?”

பசித்தது.

அன்று மத்தியானம் ஹெலன் என்னைப் பார்த்து, “மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள்,” என்றார். என்னை விட மூத்த வெள்ளைக்காரி என்னை மாமா என்றால் விஷயம் வேறு. நீனோவிடம் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்களுடைய மொழியில் மாமா என்றால் அப்பாவாம். முதல் நாளே கிவி என்னை ‘அபியின் மாமா’ என்றுதான் ஊருக்கு அறிமுகம் செய்திருக்கிறார். குழு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

அவன் என்னை மாமனார் ஆக்கவில்லை, அப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான் என்று தெரிந்தபோது நிம்மதி வந்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் அதுவும் அவ்வளவு நிம்மதியாக இல்லை.

அனுப்ப முதலே

இனி மேசைக்கு வருகிறேன். அது ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தபோது நடந்தது. “என்னுடைய ஆட்கள் எங்கள் ஊர்ப் பாட்டைப் பாடப் போகிறார்கள், வந்து கேளுங்கள்” என்று கிவி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, மேசையின் தலைமாட்டில் இருந்தார். அந்தப் பாட்டைத்தான் நான் கீழே போட்டேன்.

கிவி கோபிக்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கி ஏதோ சொன்னார், சனம் சிரித்தது. “எங்கள் மாமாவுக்குப் பசி போலிருக்கிறது, முதலில் சாப்பிடுவோம் என்கிறார்,” என்றாள் நீனோ. ஆனால் அவர் காது சிவந்திருந்ததை நான் கண்டேன். அதைக் கண்ட பிறகு ஒரு வாய் இறங்கவில்லை.

அபி வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு வாதுமை மரம். அதன் கீழே நின்று அவள் தொடங்கினாள், பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும். தமிழிலேயே எழுதுகிறேன்.

“டொம் என்ன சொன்னவர் தெரியுமோ? உன்ர அப்பா இன்னும் என்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டு.”

நான் மரத்தைப் பார்த்தேன்.

“அப்பா, அவர் கலியாணம் கட்டினவர். ட்வின்ஸ் இருக்கு, இன்னும் ஒரு வயசு ஆகேல்லை. இரவு முழுக்க நித்திரை இல்லை. அதாலதான் பிளேனில விழுந்து விழுந்து படுத்தவர். நீங்கள் இருமி இருமி எழுப்பினனீங்கள்.”

“மோதிரம் போடேல்லையே?”

“அவர் பேக்கர். மாவுக்க போயிடும் எண்டு கழட்டி வைக்கிறவர்.”

பத்து நாளாக அந்த மனிதனைக் கண்ணால் துரத்தியிருக்கிறேன். கலியாணம் ஆயிற்றா தம்பி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அம்மாதான் உங்களை அனுப்பினவா எண்டு எனக்குத் தெரியும்,” என்றாள் அபி.

“எப்ப இருந்து தெரியும்?”

“அனுப்ப முதலே.”

எனக்கு விளங்கவில்லை.

“எங்களுக்கு பேஸ் ஆள் இல்லை, அப்பா. ட்ரிப்பே நிண்டு போற மாதிரி இருந்தது. எனக்குத் தெரிஞ்ச பேஸ் நீங்கள் ஒராள்தான். நான் வந்து கேட்டிருந்தா வந்திருப்பீங்களோ?”

வந்திருக்க மாட்டேன். எனக்கென்ன விசரோ என்று கேட்டிருப்பேன்.

“அதான் அம்மாட்ட சொன்னனான், நல்ல ஆக்கள் இருக்கினம் எண்டு. மிச்சத்தை அம்மா பாத்துக்கொண்டா.”

ஒற்றனை வேலைக்கு எடுத்ததே எதிரிதான். சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அபி காலடியில் கிடந்த ஒரு வாதுமைக் கோதைச் செருப்பால் உருட்டினாள்.

“சின்னனில என்னை ஸ்விம்மிங்குக்குக் கூட்டிக்கொண்டு போவீங்கள்தானே, அந்தப் பழைய வானில. எஞ்சின் சத்தத்தோட சேந்து நீங்கள் ம்ம் எண்டு கொண்டு ஓடுவீங்கள். சீட் எல்லாம் அதிரும். நான் அதில நித்திரையாப் போயிடுவன். ஹெலன் முதல் நாள், பேஸ் எப்பிடி இருக்கோணும் எண்டு பாடிக் காட்டேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.”

அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருந்தது எனக்கே தெரியாது. ரேடியோ இல்லாத வான் அது. கதைக்க ஒன்றும் வராது, சும்மா வான் ஓட்டுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வந்த வேலைக்காக ஒரு கேள்வியாவது கேட்டு வைப்போம் என்று கேட்டேன். “அப்ப ஒருத்தரும் இல்லையோ?”

“இருக்கிறார். ஆனா இஞ்ச இல்லை.”

“எங்க?”

“ஒக்லாந்திலதான், பாபகூராவில. ட்ரெயின் திருத்திற வேலை. மலேசியத் தமிழ். பேர் தினேஷ். கொயருக்கு வரமாட்டார், அவருக்குப் பாட்டு வராது.” பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அம்மாட்ட நானே சொல்லுறன். நீங்கள் சொல்லாதேங்கோ. ப்ளீஸ்.”

சரி என்றேன். மகள் என்னை நம்பி ஒன்றைத் தந்து, அதை அவள் தாய்க்குத் தெரியாமல் நான் வைத்திருப்பது அதுவே முதல் தடவை. சட்டைப் பைக்குள் முட்டையை வைத்துக்கொண்டு நடப்பது போல நடந்து மேசைக்கு வந்தேன்.

மேசையில் இருந்த டொம்மிடம் பிள்ளைகளின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். நிறைய இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன்.

பிறகு கிவியின் முன்னால் போய் நின்று, இன்னொரு முறை பாடலாமா என்று கையால் கேட்டேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தைப் பிடித்தேன். மேலே அபி எடுத்தாள், டொம் சேர்ந்தான். அவர்கள் எங்கே போகிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் வந்து நிற்க நான் இருந்தேன். உரசுகிற இடம் வந்தபோது கிவியின் உள்ளங்கை என் முதுகில் இருந்தது. முடிந்த பிறகும் அதை அவர் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை கௌரி கூப்பிட்டாள்.

“ஆரெண்டு பிடிச்சனீங்களோ?”

“இஞ்ச அப்பிடி ஒருத்தரும் இல்லை. டொம்முக்கு ரெண்டு பிள்ளையள்.”

“வடிவாப் பாத்தனீங்களோ?”

“ஓம். இஞ்ச வந்த ஆக்கள் எல்லாம் பாடத்தான் வந்தவை.”

ஒரு சொல்லும் பொய் இல்லை.

“அப்ப நீங்கள் அங்க என்ன செய்யிறியள்?”

“பாடுறன்,” என்றேன்.

புதன்கிழமை

ஒக்லாந்துக்கு வந்த வாரமே அபி தாயிடம் சொல்லிவிட்டாள். கௌரி அவளோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டையெல்லாம் எனக்குத்தான். “ரெண்டு கிழமை அனுப்பி வைச்சன், பாபகூராவில இருக்கிறவனை ஜோர்ஜியாவில தேடிப்போட்டு வந்திருக்கிறார்,” என்று தன் சிநேகிதிகள் எல்லோருக்கும் சொன்னாள்.

ஒரு ஞாயிறு தினேஷ் வந்தான். “வணக்கம் ஆன்ட்டி, சாப்பிட்டாச்சா?” என்று வாசலிலேயே கேட்டான். விருந்துக்குக் கூப்பிட்டவளிடம் விருந்தாளி அப்படிக் கேட்டது கௌரிக்குப் புதிதாக இருந்தது. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கௌரி, “தம்பி, நீங்கள் பாடுவீங்களோ?” என்று கேட்டாள். அபி வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்ட, மரியாதைக்காக அவன் இரண்டு வரி பாடினான். என் குரலுக்கு முன்வரிசை திரும்பியது என்றால், அவன் குரலுக்குக் கோயிலே எழுந்து போயிருக்கும்.

அபி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

கௌரி மெல்ல மூச்சு விட்டாள். “பறவாயில்லை,” என்றாள். “புதன்கிழமையில எனக்குத் துணைக்கு ஒராள் வேணும்தானே. இவை ரெண்டு பேரும் பாடப் போயிடுவினம்.”

இப்போது புதன்கிழமைகளில் அப்படித்தான். வேலை முடிந்து தினேஷ் பாபகூராவில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவான். நானும் அபியும் வெளிக்கிடுவோம். திரும்பி வரும்போது இரண்டு பேரும் குசினியில் இருந்து சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் உள்ளே வந்ததும் கதை நின்றுவிடும்.

போன கிழமை பொறுக்க முடியாமல் கேட்டேன். “அப்பிடி என்னதான் கதைக்கிறனீங்கள் இவ்வளவு நேரமும்?”

“அது எங்கட விசயம்,” என்றாள் கௌரி. “நீங்கள் போய்ப் பாடுங்கோ.”